புள்ளக்காரி அம்மனின் கொடியில் காகம்

கோயில் தலைவர் போனில் கோல் எடுத்தபோது நான் தலவாக்கலை பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"டீச்சர், மாசியில நம்ம தோட்டத்துக் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் வைக்கிறோம். மலர்ப் புத்தகம் ஒன்னும் போடுறோம். புள்ளக்காரிய நீங்க அழகா வரைஞ்சு, அதப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க. கேம்பஸ்ல அதத்தானே படிச்சீங்க" என்றார்.

உண்மைதான், அதைத்தான் படித்தேன். யாழ்ப்பாணத்தில் நான்கு வருடம் நுண்கலை. எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், எது வாகனம் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்து மனப்பாடம் செய்தேன். திரும்பி வந்ததும் சித்திர ஆசிரியை ஆனேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பூச்சாடி வரையச் சொல்லிக்கொடுக்கும்போது அந்தக் குறிப்புகளெல்லாம் பெட்டிக்குள் கிடந்தன. தலைவர் கேட்டதும் நான் யோசிக்கவேயில்லை. சரி என்றேன். பஸ் வந்தும் ஏறாமல் நின்று, என்னென்ன பென்சில் வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது தலவாக்கலையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். சனிக்கிழமைகளில் தோட்டத்துக்கு அக்காவைப் பார்க்கப் போவேன். அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அம்மா இறந்த வருடம் அவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துகொண்டாள். அவள் பறித்த கொழுந்தில்தான் நான் படித்தேன். அதே தோட்டத்தில் கல்யாணம் கட்டி, மேல் லயத்து வரிசை வீடொன்றில் மாமியாருடன் இருந்தாள். அத்தான் டவுனில் ஆட்டோ ஓட்டினார். பதின்மூன்று வருடமாகப் பிள்ளை இல்லை.

புள்ளக்காரி என்பது மாரியம்மன் கோயில் படிக்கட்டுக்கு வடக்கே, சவுக்கு மரத்தடியில் இருந்த ஒரு கல். முழங்காலுக்குச் சற்று மேல் வரும் உயரம். காடு வெட்டித் தேயிலை போட்ட காலத்தில் ஆற்றங்கரையில் கிடைத்தது என்றார்கள் சிலர். கப்பலில் வந்தவர்கள் தங்கள் ஊரிலிருந்து கொண்டுவந்தது என்றார்கள் வேறு சிலர். அவ்வளவு பாரத்தை எப்படிக் கொண்டுவந்திருப்பார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. நடுவில் ஒரு பருத்த உருவம், இரண்டு பக்கமும் இரண்டு சின்ன மேடு. அந்த மேடுகள் பிள்ளைகள், ஆகவே அவள் புள்ளக்காரி. பிள்ளை வேண்டுபவர்கள் அந்த மரத்தில் தொட்டில் கட்டுவார்கள். அக்கா செவ்வாய்க்கிழமைதோறும் வேலை விட்டு வரும் வழியில் அவளுக்கு எண்ணெய் பூசி விளக்கு வைப்பாள்.

வரைய வேண்டுமென்றால் முதலில் கழுவ வேண்டும். சனிக்கிழமை காலை அக்காவும் நானும் ஒரு வாளி வெந்நீரும் சீயக்காய்த் தூளும் தேங்காய் மட்டையும் எடுத்துக்கொண்டு போனோம். அக்கா குனிந்து சிலையிடம், "கொஞ்சம் சுடும், பொறுத்துக்கங்கம்மா" என்றாள். பிறகு சிவப்புத் துணியை அவிழ்த்தாள்.

எண்ணெயும் மஞ்சளும் சூடப் புகையும் சேர்ந்து விரல் கனத்துக்கு உறைந்திருந்தன. அதற்குக் கீழே எவரோ பூசிய வெள்ளிப் பெயின்ட், கண்களுக்குக் கறுப்பு மை. நாங்கள் தேய்க்கத் தேய்க்கக் கல் வெளியே வந்தது. முதலில் கால்கள். நான் படத்தில் பார்த்த அம்மன்களில் பலர் ஒரு காலை மடித்து மறு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் இரண்டு கால்களையும் கீழே ஊன்றி, முழங்கால்களை அகட்டி, நாள் முழுக்க நின்றுவிட்டு இப்போதுதான் உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். வயிறு சரிந்து தொடையில் படிந்திருந்தது. மார்பும் தளர்ந்திருந்தது. வலது கையில் ஒரு மொட்டு, இடது கை தொடைமேல். கூந்தலை வரிவரியாகச் சுற்றி உயரமாகக் கட்டியிருந்தாள். தூரத்திலிருந்து பார்த்தால் அது கிரீடம் போலத் தெரியும். மூக்கு தேய்ந்துபோயிருந்தது, உதடுகள் தடிப்பாக அப்படியே இருந்தன.

நான் வலப்பக்க மேட்டைத் தேய்த்தேன். இரண்டு கொம்புகள் வந்தன. மனித உடம்பு, காளை முகம், கையில் ஒரு தடி.

"பாரேன், புள்ளைக்கு மாட்டுத் தல" என்று அக்கா சிரித்தாள்.

இடப்பக்கத்தில் மெல்லிய இடையோடு ஓர் இளம்பெண். அவள் தலைக்கு மேலே, தாயின் தோளையொட்டி, ஒரு விளக்கமாறு. அந்த இடத்திலேயே என் கை தயங்கியது. மறு தோளுக்கு மேலே ஒரு கம்பமும் அதன் உச்சியில் ஒரு பறவையும் இருந்தன. நனைந்த துணியால் அந்தப் பறவையின் அலகைத் துடைத்தேன். சந்தேகமே இல்லை.

"என்னா? ஏன் அப்படியே நிக்கிற?" என்றாள் அக்கா.

"ஒன்னுமில்லக்கா. கொடி மாதிரி இருக்கு."

"கொடியில காக்கால்ல இருக்கு."

"ஆமாக்கா" என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

சேட்டாதேவி. தவ்வை. காக்கைக்கொடியும் விளக்கமாறும் காளைமுக மகனும் ஒன்றாக இருந்தால் அது அவள்தான், வேறு எவருமில்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் சிவன் கோயில்களில் அவளுக்குத் தனி இடம் இருந்தது. அரசர்கள் கும்பிட்டார்கள். பிள்ளைகளையும் விளைச்சலையும் காப்பவள் என்று நம்பினார்கள். திருமகளுக்கு மூத்தவள் என்பதால் மூத்த தேவி என்று பெயர். பின்னால் என்ன நடந்ததோ, தங்கை மங்கலமானாள், அக்காள் பீடையானாள். அவளைச் சந்நிதியிலிருந்து தூக்கி மதில் மூலையில் வைத்தார்கள், குளத்தில் போட்டார்கள். மூத்த தேவி என்ற பெயர் மூதேவி என்று சுருங்கி வசைச்சொல்லாகிவிட்டது.

அந்த வசையை நான் அக்காவின் வீட்டிலேயே கேட்டிருக்கிறேன். அவளுடைய மாமியார் காலையில் கதவைத் திறக்கும்போது, "இந்த மூதேவி மொகத்துலதான் தெனமும் முழிக்க வேண்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே வெளியே போவார். அதனால்தான் அன்று மரத்தடியில் நான் வாயைத் திறக்கவில்லை. அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று நினைத்தேன்.

ஆனால் எழுதாமலும் இருக்க முடியவில்லை. அதை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. மூன்று மணிநேரம் உட்கார்ந்து வரைந்தேன். பனிமூட்டம் வந்து வந்து போனது, தாள் நனைந்து இரண்டு தடவை புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. தலைக்கட்டின் ஒவ்வொரு வரியையும் எண்ணி வரைந்தேன். கூந்தல் கட்டும் உட்காரும் விதமும் சோழர் காலத்துச் சிற்பங்களின் படங்களோடு பொருந்தின. நான்கு வருடப் படிப்பில் எல்லாமே மற்றவர்கள் கண்டுபிடித்தவை. இது நான் கண்டுபிடித்தது. அறைக்குத் திரும்பி, பெட்டியிலிருந்த குறிப்புகளைக் கட்டிலில் பரப்பி, ஒரே மூச்சில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவள் எவ்வளவு பழைமையானவள், எப்படிப் போற்றப்பட்டாள், இந்த மலையில் இப்படியொரு சிலை இருப்பது எவ்வளவு அபூர்வம் என்றெல்லாம் விளக்கினேன். படிப்பவர்கள் பெருமைப்படுவார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் கோல் வந்தது.

"டீச்சர், இது என்னா எழுதியிருக்கீங்க? மூதேவின்னு போட்டிருக்கீங்க?"

"தலைவரே, முழுசா வாசிச்சுப் பாருங்க. முந்தி அது மரியாதையான பேருதான். மூத்த தேவிங்கிறதுதான் அப்படி…"

"மொத வரியிலேயே இருக்குங்களே" என்றார். பிறகு, "நான் ஐயருகிட்ட கேட்டுக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சமைக்கவில்லை. துணி ஊறப்போட்டுத் துவைக்காமல் விட்டேன். போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். கும்பாபிஷேகத்துக்காகத் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவில் மாலையில் ஒரு படம் வந்தது. என் ஓவியந்தான். அதற்குக் கீழே ஒருவர், 'இத்தனை வருடமாக நாம் கும்பிட்டது மூதேவியாம்' என்று போட்டிருந்தார். என் ஒன்றரைப் பக்கம் அதில் இல்லை. நான் அதை அனுப்பலாமா என்று தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தேன். அதற்குள் இருபது முப்பது பேர் பேசிவிட்டார்கள். அக்காவுக்குக் கோல் எடுத்தேன், அவள் எடுக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை லயத்துக்குப் போனபோது அக்கா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "வா, ஒக்காரு" என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் வாசலில் நின்றுகொண்டு என்னிடம் பேசினார்.

"நீ படிச்ச புள்ள. நல்லவேள கண்டுபுடிச்ச. இல்லாட்டி எங்களுக்கு எங்க தெரியப்போகுது. பதிமூணு வருஷமா மூதேவிக்கு வெளக்கு வச்சா வயித்துல என்னா தங்கும், சொல்லு பாப்போம்."

நான் ஏதோ சொல்ல வந்தேன். அக்கா தட்டிய ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு, "மாமி, டீ ஆறுது, குடிங்க" என்றாள். அவ்வளவுதான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அந்த வீட்டில் என் கைகால்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அன்று மாலை கோயில் மடத்தில் கூட்டம் நடந்தது. என்னையும் வரச்சொன்னார்கள். டவுனிலிருந்து வந்த ஐயர் கோபமாகப் பேசவில்லை, நிதானமாகத்தான் சொன்னார். "யாகசாலை போடுற எடத்துக்குப் பக்கத்துல சேட்டாதேவி இருக்கக்கூடாதுங்க. அம்பாள் வர்ற எடத்துல அவங்க இருக்கமாட்டாங்க, அவங்க இருக்கிற எடத்துல அம்பாள் வரமாட்டா. நான் வேற என்னா சொல்றது?"

அதற்குப் பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவருடைய மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோயிருந்தது. கீழ் லயம் மழையில் சரிந்திருந்தது. கொழுந்து குறைந்துவிட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் அகப்பட்டுவிட்ட நிம்மதி அவர்கள் முகத்தில் இருந்தது. அது என்னை மிகவும் பயமுறுத்தியது. நான் எழுந்து நின்று, தமிழ்நாட்டுப் பழைய கோயில்களில் அவளுக்கு இருந்த இடத்தைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் பாடம் நடத்துவதுபோலத் தொடங்கினேன். நடுவில் என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

"அதெல்லாம் அங்க இருக்கட்டும் டீச்சர். இங்க எங்களுக்கு ஒரு நல்லது நடக்கணுமில்லீங்களா?" என்றார் தலைவர். அவர் கெட்ட மனிதர் அல்ல. ஆறு வருடமாக வீடு வீடாக அலைந்து அந்தக் கோயிலைக் கட்டுகிறவர். பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொன்னும் இருக்கு. ரொம்பப் பழைய செலைன்னு வெளிய தெரிஞ்சா கவர்மென்ட் ஆளுங்க வருவாங்க, அளப்பாங்க. அப்புறம் இந்த எடத்துல ஒரு ஆணி அடிக்கவும் கேக்க வேண்டியிருக்கும். கும்பாபிஷேகம் நின்னுரும்" என்றார்.

அடுத்த புதன்கிழமை சிலையை ஆற்றில் இறக்கிவிடுவது என்று முடிவானது. எவரும் எதிர்த்துப் பேசவில்லை. பெண்கள் பின்வரிசையில் இருந்தார்கள். அக்காவும் அவர்களோடு இருந்தாள். அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே நான் இரண்டாவது காரியத்தையும் செய்தேன். தொல்பொருள் பார்க்கும் அதிகாரிகளுக்கு என் ஓவியத்தை இணைத்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். ஆற்றுக்குப் போவதைவிடப் பழம்பொருள் வைக்கும் நூதனசாலைக்குப் போகட்டும் என்று நினைத்தேன். தலைவர் அரைமணிநேரத்துக்கு முன்பு எதைப் பற்றிப் பயந்தாரோ அதைத்தான் செய்கிறேன் என்பதும் தெரிந்தது. அனுப்பிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். லிந்துலை தாண்டும்வரை கையை எடுக்கவில்லை.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு அக்கா கொழுந்து பறிக்கும் மலைக்குப் போனேன். பத்து மணித் தேத்தண்ணி நேரம். பெண்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். அக்கா எழுந்து வந்தாள். இருவரும் ஒரு தேயிலை நிரைக்குள் கொஞ்ச தூரம் நடந்தோம்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கே எனக்குத் தெரியும் என்றும், அவளிடம் மறைத்துவிட்டுத் தலைவருக்கு எழுதியது தப்பு என்றும், நேற்றைக்கு முன்தினம் மின்னஞ்சல் அனுப்பியதையும் சொன்னேன். அழுகை வந்தது. அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காக்காவ நீ கழுவித்தான் கண்ட" என்றாள். "பதிமூணு வருஷமா எண்ண பூசுற கை இது. கண்ண மூடிக்கிட்டுத் தடவுனாலே எங்க காக்கா இருக்கு, எங்க வெளக்கமாறு இருக்குன்னு எனக்குத் தெரியும். இவங்க எல்லாருக்கும் தெரியும்."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். பிறகு, "அப்ப தெரிஞ்சுமா கும்புட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஏன், வெளக்கமாறு இல்லாத வீடு இருக்கா? செத்தவங்களுக்குச் சோறு வச்சா காக்காதானே வருது? அந்தம்மா பெருத்துப்போயி, காலு வீங்கி, ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு. ஒன்னு மாட்டு மொகம். அதையும் பக்கத்துலதான் வச்சிருக்கு, தள்ளி வைக்கல. எங்களுக்கு அது போதும்." சாக்கை இறுக்கிக் கட்டினாள். "பேருதான் எங்களுக்குத் தெரியாது. நீ பேரு வச்ச."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் எதையோ எடுத்துக் கையில் கொடுப்பதுபோலச் சொன்னாள். வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா குரல் கொடுத்தார். அக்கா கூடையை எடுத்து நெற்றியில் கயிற்றை மாட்டிக்கொண்டு, "பாத்துப் போ. சறுக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறினாள்.

புதன்கிழமை நான் வகுப்பில் இருந்தேன். கரும்பலகையில் என்ன வரைந்தேன் என்று நினைவில்லை. இடைவேளையில் தலைவர் கோல் எடுத்தார்.

"டீச்சர், செலைய நீங்க ஏதும் எடுத்தீங்களா?"

"இல்லையே. ஏன்?"

"எடத்துல இல்ல. காலையில கம்பி, கயிறெல்லாம் எடுத்துக்கிட்டு ஆறு பேரு போனோம். பீடம் மட்டுந்தான் இருக்கு." பக்கத்தில் எவரிடமோ கயிற்றைச் சுருட்டச் சொன்னார். "யாரோ முந்திக்கிட்டாங்க போல. ஆத்துலதான் போட்டிருப்பாங்க. சரி, ஒரு வேல மிச்சம்" என்றார். தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொள்ளும் குரல் அது.

பாடசாலை விட்டதும் நேரே தோட்டத்துக்குப் போனேன். மரத்தடியில் தொட்டில் துணிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. ஆற்றங்கரை வரை நடந்து பார்த்தேன். சேற்றில் ஒரு காலடியும் இல்லை. அத்தனை பாரமான கல்லை இறக்கினால் கரை சிதைந்திருக்கும், புல் மடிந்திருக்கும். ஒன்றும் இல்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் வரிசையில் நின்றார்கள். அக்காவின் படங்குச் சாக்கு பாரம் வைத்துத் தூக்கியதுபோல நடுவில் கிழிந்து, இரண்டு பக்கமும் முறுக்கேறிக் கிடந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற மூன்று பெண்களின் படங்குகளும் அப்படித்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண்டாக்கையா டிவிஷன் ஒப்பீசுக்குப் போயிருந்தார் என்று பிறகு தெரியவந்தது. அக்கா கூடையை இறக்கும்போது இடது தோளைத் தூக்க முடியாமல் முகத்தைச் சுளித்தாள்.

லயத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில் கேட்டேன். "அக்கா, எங்க வச்சிருக்கீங்க?"

"எத?"

"அக்கா."

அவள் நின்று என்னைப் பார்த்தாள். பல நாட்களுக்குப் பிறகு முகத்துக்கு நேரே பார்த்தாள். "கேக்காத" என்றாள். "நீ எழுதிப்புடுவ."

மாசியில் கும்பாபிஷேகம் நன்றாக நடந்தது. மலரும் வந்தது. என் ஓவியமும் கட்டுரையும் அதில் இல்லை, தலைவரின் வாழ்த்துரைக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பக்கம் இருந்தது. சவுக்கு மரத்தடியில் சீமெந்துத் தரை போட்டுச் செருப்பு வைக்கும் இடமாக்கிவிட்டார்கள். அன்று பாற்குடம் எடுத்த பெண்களில் அக்காவும் இருந்தாள். மாரியம்மனையும் அவள் மனதாரத்தான் கும்பிட்டாள்.

நான் மட்டும் ஒழுங்காக இல்லை. சனிக்கிழமைகளில் அக்கா வேலைக்குப் போனபிறகு மலைகளில் நடக்கத் தொடங்கினேன். ஊற்றுகள், பாறை இடுக்குகள், கைவிட்ட மலைகளில் மரமாய் உயர்ந்துவிட்ட தேயிலை. மஞ்சள் கறை கண்டால் குனிவேன். அட்டை கடித்த காலோடு திரும்பி வருவேன். அக்கா உப்பும் சவர்க்காரமும் எடுத்துத் தருவாள். எங்கே போனாய் என்று கேட்கமாட்டாள்.

பங்குனி கடைசியில் ஒரு ஜீப் வந்தது. மின்னஞ்சலுக்குப் பதிலே வராததால் நான் அதை மறக்க முயன்றுகொண்டிருந்தேன். வந்தவர் ஒரு சிங்களப் பெண், என் வயதுதான் இருக்கும். என் ஓவியத்தை அச்செடுத்து உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பாடசாலைக்கு வந்து அதிபரிடம் அனுமதி கேட்டு என்னைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனார். வழியெல்லாம் அவரே பேசினார். இந்தப் பக்க மலையில் இப்படியொன்றைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார். காகத்தின் அலகைக்கூட வரைந்திருக்கிறீர்களே என்றார். நான் சந்தோஷப்பட வேண்டிய பேச்சு அது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

வெற்று இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனது. "சிலை எங்கே?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன்.

அது உண்மை. சொல்லும்போதுதான் விளங்கியது. அக்கா என்னிடம் இடத்தைச் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நான் ஒன்று பொய் சொல்லியிருக்க வேண்டும், அல்லது காட்டிக்கொடுத்திருக்க வேண்டும். இரண்டும் எனக்கு முடியாது. அது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவளுக்கு என்மேல் நம்பிக்கை இல்லை என்று நான் இத்தனை நாளாகக் குமைந்துகொண்டிருந்தேன்.

அதிகாரி மடுவத்துக்குப் போய்ப் பெண்களிடம் விசாரித்தார். தோட்டத்துப் பெண்களுக்குச் சிங்களம் ஓரளவு வரும். ஒவ்வொருவரும் தெரியாது என்றார்கள். அக்காவின் முறை வந்தபோது அவர் ஓவியத்தைக் காட்டி, "இதை உடைத்துவிட்டார்களா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்ததை அக்காவும் பார்த்திருப்பாள்.

அக்கா ஓவியத்தை வாங்கிப் பார்த்தாள். பிறகு, "உடைக்கல மிஸ். பத்திரமா இருக்கும்" என்று சிங்களத்தில் சொன்னாள்.

அந்தப் பெண் அக்காவையும் அவளுக்குப் பின்னால் நின்றவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. குறிப்புப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதினார். சிலை இடத்தில் இல்லை, இருக்குமிடம் தெரியவில்லை என்று எழுதியதாக ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னார். இப்போதைக்கு உங்கள் ஓவியந்தான் ஆதாரம், பத்திரமாக வைத்திருங்கள் என்றும் சொன்னார். ஜீப் வளைவில் மறையும்வரை நின்றேன். அவரைக் கூப்பிட்டு என்னோடு மலையில் தேட வரச்சொல்ல வேண்டும்போல இருந்தது.

இது நடந்து இரண்டு வருடமாகிறது. அக்காவுக்குப் பிள்ளை இல்லை. மாமியார் படுக்கையில் விழுந்துவிட்டார். அக்காதான் குளிப்பாட்டி விடுகிறாள். வாய் மட்டும் இன்னும் ஓயவில்லை. நல்லதண்ணிப் பக்கம், யாத்திரை போகும் மலையின் அடிவாரத்தில் ஒரு பாடசாலைக்கு எனக்கு இடமாற்றம் வந்தது. பருவகாலத்தில் பஸ் நிறைய யாத்திரிகர்கள், மற்ற நாட்களில் காலியான இருக்கைகள். மாதத்தில் இரண்டு தடவைதான் தோட்டத்துக்குப் போக முடிகிறது.

போன செவ்வாய்க்கிழமை, மதியம் கடந்த நேரத்தில் அக்கா கோல் எடுத்தாள். காற்று பலமாக இரைந்தது, எங்கோ உயரத்தில் நின்று பேசுகிறாள் என்று தெரிந்தது. அருகில் வேறு பெண்களின் பேச்சுக்குரலும் கேட்டது.

"அந்த ரெண்டு புள்ளைகளுக்கும் பேரு இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்குக்கா. பையன் மாந்தன், பொண்ணு மாந்தி. வேற பேருகளும் சொல்லுவாங்க."

அவள் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயர்களைப் பக்கத்திலிருந்தவர்களுக்குச் சொன்னாள். ஒருத்தி திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். எவரோ சிரித்தார்கள்.

"அக்கா, நான் ஒருநாள் வரட்டுமா?" என்று கேட்டேன். "போன் கொண்டுவரமாட்டேன். பென்சில் கொண்டுவரமாட்டேன்."

காற்றின் இரைச்சலில் அவள் கேட்டாளா என்று தெரியவில்லை. "மழ வருது, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டாள். அன்று மாலை அவள் மறுபடி எடுக்கவில்லை. நான் பாடசாலைக் குவாட்டர்ஸ் வாசலில் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தேன். வரும் சனிக்கிழமை தோட்டத்துக்குப் போகிறேன். அவளாக வா என்று சொன்னால் அவளோடு மேலே போவேன். சொல்லாவிட்டால் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, மாமியாருக்கு முதுகு தேய்க்க அக்காவுக்கு உதவிவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவேன்.